ஆர்பிஜியில் %ஈஓஎஃப்பும் கேர்சரும்: லூப் ஏன் பாதியில் நிற்கிறது, கடைசி ரெக்கோர்ட் ஏன் இரண்டு தடவை வருகிறது

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வேறு யாராவது வாசித்தாலும் விளங்க வேண்டும். கொழும்பில் ஒரு லீசிங் கொம்பனியில் ஐபிஎம் ஐ என்கிற வணிகக் கணினியில், ஆர்பிஜி என்கிற நிரல்மொழியில் வேலை. கிளை ஃபைலை ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொரு கிளைக்கும் தவணை ஃபைலில் இருக்கிற ரெக்கோர்டுகளை ரீட்ஈ (கொடுத்த கீக்குச் சமமான அடுத்த ரெக்கோர்டை மட்டும் வாசிக்கிற கட்டளை; கீ என்பது ஃபைலை வரிசைப்படுத்துகிற புலம்) போட்டு எடுத்து அறிக்கை அடிக்கிற புரோகிராம். மருதானைக் கிளை மட்டும் வருகிறது, வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் போகாமலே முடிந்துவிடுகிறது. கூட வேலை செய்கிற ஒருவர் சொல்லி லூப்பை மாற்றி, ஃபைல் முடிந்ததா என்று சொல்கிற %ஈஓஎஃப்புக்குள் ஃபைல் பெயரையும் போட்டீர்கள், எல்லாக் கிளையும் வந்தது. ஆனால் அதே செஷனில் இரண்டாவது தடவை கூப்பிட்டால் வெறும் தலைப்பு மட்டும்தான் வருகிறது. இன்னொரு புரோகிராமில் கடைசி வாடிக்கையாளர் இரண்டு தடவை அச்சாகிறார். மூன்றுக்கும் ஒரே காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே காரணம் இல்லை, ஆனால் ஒரே இடத்திலிருந்து கிளம்பியவை. ஃபைல் முடிந்தது என்கிற கொடி ஒன்று, ஃபைலுக்குள் நாம் நிற்கிற இடமான கேர்சர் இன்னொன்று. இரண்டும் தனித்தனி. கொடி, கடைசியாக நடந்த வாசிப்பு வெறுங்கையோடு திரும்பியதா என்று மட்டும் சொல்லும். கேர்சர், அடுத்த வாசிப்பு எங்கிருந்து தொடங்கும் என்பதைத் தீர்மானிக்கும். நம்மில் நிறையப் பேர் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு எழுதுகிறோம், புரோகிராமும் பல வருடம் தற்செயலாகச் சரியாக ஓடும், அப்புறம் யாரோ நடுவில் ஒரு வரி சேர்க்கிற நாளில் உடையும்.

உங்கள் முதல் புரோகிராமின் பழைய வடிவம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். கட்டளைகளை வாயால் சொல்லுகிற மாதிரியே எழுதுகிறேன் (டூஅன்டில் லூப்பின் முடிவில் சோதிக்கும், டூவைல் தொடக்கத்தில்; செட்எல்எல் அந்தக் கீ இருக்கிற இடத்தில் கேர்சரை நிறுத்தும்):

டூஅன்டில் %ஈஓஎஃப்;
  ரீட் கிளை;
  இஃப் நாட் %ஈஓஎஃப்;
    செட்எல்எல் (கிளைஎண்) தவணை;
    ரீட்ஈ (கிளைஎண்) தவணை;
    டூவைல் நாட் %ஈஓஎஃப்;
      // வரியை அடி
      ரீட்ஈ (கிளைஎண்) தவணை;
    எண்ட்டூ;
  எண்ட்இஃப்;
எண்ட்டூ;

பெயர் போடாத %ஈஓஎஃப் எந்த ஃபைலைப் பற்றியும் தனியாகச் சொல்வதில்லை. புரோகிராமில் கடைசியாக ஓடிய வாசிப்பு எதுவோ, அதன் பதில்தான் அது. உள் லூப் முடிந்தது என்றாலே தவணை ஃபைலில் அந்தக் கிளைக்கு ரெக்கோர்ட் தீர்ந்து கொடி ஏறியிருக்கிறது என்றுதான் பொருள். அந்தக் கையோடு வெளி லூப்பின் எண்ட்டூவுக்கு வருகிறது, அங்கே கொடியைப் பார்க்கிறது, ஏறித்தான் இருக்கிறது, கிளை ஃபைலே முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. மருதானையோடு நின்றது அதனால்தான்.

இதையே வெளி லூப்பிலும் டூவைல் போட்டு, ரீட் கிளையை லூப்புக்கு வெளியே ஒரு தடவையும் எண்ட்டூவுக்கு முன்னால் ஒரு தடவையும் வைத்திருந்தால், பெயர் இல்லாமலே சரியாக ஓடியிருக்கும், ஏனென்றால் சோதனைக்கு வருமுன் கடைசியாக ஓடிய வாசிப்பு கிளையினுடையதாக இருக்கும். இது எனக்குக் கவலை தருகிற வகைச் சரி. ஆறு மாதம் கழித்து யாராவது அந்த ரீட்டுக்கும் எண்ட்டூவுக்கும் இடையில் நாணய மாற்று விகிதம் பார்க்கிற ஒரு ரீட்ஈயைச் சொருகினால் அன்றைக்கே அறிக்கை பாதியில் நிற்கும், சொருகியவருக்குத் தான் என்ன பிழை செய்தோம் என்றே தெரியாது. அதனால் ஒரே ஒரு ஃபைல் உள்ள புரோகிராமாக இருந்தாலும் பெயரோடு எழுதுங்கள். தேடியது கிடைத்ததா என்று சொல்கிற %ஃபவுண்ட் விஷயத்தில் இது இன்னும் மோசம்: அதை செயின் (கீ கொடுத்து ஒரு ரெக்கோர்டை நேரே எடுப்பது), டிலீட், செட்எல்எல், செட்ஜிடி மட்டுமல்ல, ஸ்கேன், செக், லுக்அப் போன்ற கட்டளைகளும் மாற்றும். ஒரு சரத்துக்குள் எழுத்துத் தேடியதன் விடையை வாடிக்கையாளர் கிடைத்தார் என்று படித்துவிடுகிற புரோகிராம்கள் உண்மையாகவே உண்டு. (%ஸ்கேன், %லுக்அப் என்று சதவீதக்குறியோடு வருகிற செயற்கூறுகள் %ஃபவுண்டைத் தொடுவதில்லை, அது வேறு.)

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் கதை இருக்கிறது. ஆர்பிஜி பிறந்தது 1959ஐ ஒட்டி, ஐபிஎம் 1401 இயந்திரத்துக்காக, துளை அட்டைக் காலத்தில். அட்டைக்கட்டு ஒன்று, வாசிப்பான் ஒன்று, கட்டு தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. மொழியே ஒரு சுழற்சியாக ஓடும், ரெக்கோர்டை அதுவே வாசிக்கும், முதன்மை ஃபைல் தீர்ந்ததும் எல்ஆர் என்கிற இன்டிகேட்டரை, அதாவது ஒரு கொடியை, தானே ஏற்றி மொத்தங்களை அடித்து முடிக்கும். எல்ஆர் என்பது லாஸ்ட் ரெக்கோர்ட். அங்கே ஃபைல் முடிவும் புரோகிராம் முடிவும் ஒன்றேதான். இன்று நாம் ஒரே புரோகிராமில் பத்து ஃபைலைத் திறந்து முன்னும் பின்னும் போகிறோம், ஆனால் கைப்பழக்கம் மட்டும் அந்த ஒற்றைக் கட்டுக் காலத்தது.

பழைய நிலைப்பத்தி வடிவத்தில் (ஒவ்வொன்றும் வரியின் குறித்த பத்தியில் வர வேண்டிய வடிவம்) இருக்கிற புரோகிராம்களை உங்களிடம் தந்து மாற்றச் சொல்வார்கள், கட்டாயம் சொல்வார்கள். அங்கே %ஈஓஎஃப்புக்குப் பதிலாக ஆர்பிஜி நான்கில் 75, 76ஆம் பத்திகளில் ஓர் இன்டிகேட்டர் இருக்கும், அதற்கும் முந்திய ஆர்பிஜி மூன்றில் 58, 59இல். 90 என்கிற ஒரே இன்டிகேட்டரை நாலு ஃபைலுக்குப் போட்டிருப்பார்கள். பெயரில்லாத %ஈஓஎஃப்பின் அதே நோய். மாற்றும்போது இன்னொன்றைக் கவனியுங்கள்: செயினில் அந்த இன்டிகேட்டர் ஏறினால் ரெக்கோர்ட் கிடைக்கவில்லை என்று பொருள், %ஃபவுண்ட் ஏறினால் கிடைத்தது என்று பொருள். தலைகீழ். ரீட்டின் இன்டிகேட்டர் மட்டும் %ஈஓஎஃப்போடு ஒரே பக்கம் போகும். அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தேடி மாற்றினால் செயின் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும், கொம்பைல் ஆகும், எச்சரிக்கைகூட வராது.

இனி கேர்சர். புறக்கோட்டையில் மொத்தக் கடைக் கணக்கப்பிள்ளை பேரேட்டில் இரண்டு வரிக்கு நடுவில் விரலை வைத்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். செட்எல்எல் செய்வது அந்த விரலை வைப்பது மட்டும்தான், வரியை வாசிப்பதில்லை, ரெக்கோர்டின் புலங்கள் எதுவும் மாறாது, லொக்கும் (மற்றவர் அந்த ரெக்கோர்டை மாற்ற முடியாதபடி விழுகிற பூட்டு) விழாது. நீங்கள் கொடுத்த கீக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய முதல் ரெக்கோர்டுக்கு முன்னால் விரல் நிற்கும். செட்ஜிடி என்றால் அந்தக் கீயைவிடப் பெரிய முதல் ரெக்கோர்டுக்கு முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தை வைத்து எவ்வளவோ செய்யலாம்.

தவணை ஃபைலில் கிளை எண் வரிசை 10, 20, 20, 20, 30 என்று இருக்கிறதென்று வையுங்கள். செட்எல்எல் 20 போட்டால் 10க்கும் முதல் 20க்கும் நடுவில் நிற்கிறோம். %ஈக்குவல் ஏறும், ஏனென்றால் சரியாக 20 இருக்கிறது, %ஃபவுண்டும் ஏறும். செட்எல்எல் 15 போட்டாலும் நிற்கிற இடம் அதேதான், %ஃபவுண்ட் ஏறும், ஆனால் %ஈக்குவல் ஏறாது. செட்எல்எல்லுக்குப் பிறகு %ஃபவுண்டைப் பார்த்து இந்தக் கிளைக்குத் தவணை இருக்கிறது என்று முடிவு கட்டுவது எங்கே பிழைக்கும் என்று இதிலேயே தெரியும். இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்க வேண்டுமானால் செட்எல்எல்லும் %ஈக்குவலும் போதும், செயின் போட்டு முழு ரெக்கோர்டையும் இழுக்கத் தேவையில்லை. செட்எல்எல் 40 போட்டால் எதுவும் ஏறாது, கேர்சர் ஃபைலின் கடைசிக்குப் போய்விடும். அங்கிருந்து ரீட் போட்டால் முடிவு, பின்னோக்கி வாசிக்கிற ரீட்பி போட்டால் 30.

அடுத்தது ரீட்ஈ. செட்எல்எல் 20க்குப் பிறகு மூன்று ரீட்ஈயில் மூன்று ரெக்கோர்டும் வரும். நாலாவது ரீட்ஈ எதிரே 30ஐக் கண்டு, இது நம் கீ இல்லை என்று %ஈஓஎஃப்பை ஏற்றும். ஃபைல் உண்மையில் முடியவில்லை, அந்தக் குழுதான் முடிந்தது. இந்த இடத்தில்தான் ஐபிஎம் கையேடு தெளிவாக ஒன்று சொல்கிறது: ரீட்ஈ வெற்றி பெறாவிட்டால் அதன் பிறகு செயின், செட்எல்எல், செட்ஜிடி ஏதாவது ஒன்றால் கேர்சரைத் திரும்ப நிறுத்த வேண்டும். அடுத்ததாக ஒரு ரீட் போட்டால் 30 வந்துவிடும் என்று நம்பி எழுதாதீர்கள். கிடைக்காத செயினுக்கும் இதே விதிதான். கிடைத்த செயின் வேறு மாதிரி: அந்த ரெக்கோர்ட் கையில் வந்துவிட்டது, கேர்சர் அதைத் தாண்டிவிட்டது, அதனால் செயின் போட்டுவிட்டு நேரே ரீட்ஈ லூப்புக்குள் போனால் குழுவின் முதல் ரெக்கோர்ட் கணக்கில் வராமல் போகும். மொத்தம் ஒரு தவணை குறைகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அங்கேதான்.

கொடிக்கும் கேர்சருக்கும் இடையில் ஒரு நுணுக்கமான தொடர்பும் இருக்கிறது. செட்எல்எல், செட்ஜிடி, செயின், ஓப்பன் ஆகியவை வெற்றி பெற்றால் அந்த ஃபைலின் பெயரோடு இருக்கிற %ஈஓஎஃப் இறங்கும். வெற்றி பெறாவிட்டால் முன்பு இருந்தபடியே கிடக்கும். பெயரில்லாத %ஈஓஎஃப்பை இவை எதுவும் தொடாது. ஆக செட்எல்எல் போட்டுவிட்டு, நடுவில் வாசிப்பு இல்லாமல் உடனே %ஈஓஎஃப்பைச் சோதித்தால் எதன் பதிலைப் படிக்கிறோம் என்பது அந்த செட்எல்எல் வெற்றி பெற்றதா இல்லையா என்பதைப் பொறுத்து மாறும். %ஈஓஎஃப்பை ஒரு வாசிப்புக்கு அடுத்த வரியில் மட்டும் பாருங்கள், வேறெங்கும் வேண்டாம்.

உங்கள் இரண்டாவது பிரச்சினையும் இங்கேதான். திருத்திய வடிவத்தில் வெளி லூப் டூவைல் நாட் %ஈஓஎஃப்(கிளை) என்று தொடங்குகிறது, ரீட் அதற்கு உள்ளே மேலேயே இருக்கிறது. புரோகிராமின் கடைசியில் எல்ஆரை ஏற்றாமல் ரிட்டேர்ன் மட்டும் போட்டிருக்கிறீர்கள். எல்ஆர் ஏறாமல் திரும்பினால் புரோகிராம் நினைவில் அப்படியே இருக்கும்: மாறிகளின் மதிப்பும் இருக்கும், ஃபைல்களும் திறந்தபடி இருக்கும், கொடிகளும் கேர்சரும் விட்ட இடத்திலேயே இருக்கும். இரண்டாவது தடவை கூப்பிடும்போது கிளையின் கொடி முந்தைய ஓட்டத்தில் ஏறியபடியே கிடக்கிறது, டூவைல் அதைப் பார்க்கிறது, உள்ளே போகவே இல்லை. கொடியைச் சோதிக்காமல் ரீட்டையே முதலில் போட்டிருந்தாலும் கேர்சர் கடைசியில்தான் நிற்கிறது, மருதானை வராது.

எல்ஆரை ஏற்றிவிட்டால் பிரச்சினை மறையும். ஆனால் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கூப்பிடப்படுகிற புரோகிராம் என்றால் ஒவ்வொரு தடவையும் ஃபைல்களைத் திறந்து மூடுவது பெரிய செலவு, அதற்காகத்தான் நல்ல அனுபவசாலிகள் எல்ஆர் இல்லாமல் திரும்புகிறார்கள். அப்போது சரியான வழி, புரோகிராமின் தொடக்கத்திலேயே செட்எல்எல் *ஸ்டார்ட் கிளை என்று போட்டு நிற்கிற இடத்தை நாமே சொல்லிவிடுவது. மிகச் சிறிய மதிப்பைக் குறிக்கிற *லோவேல் போட்டாலும் பெரும்பாலும் வேலை செய்யும், ஆனால் கீ இறங்குவரிசையில் இருக்கிற லொஜிக்கல் ஃபைலாக (அதே தரவை வேறு வரிசையில் காட்டுகிற ஃபைல்) இருந்தால் மிகச் சிறிய மதிப்பு இருப்பது கடைசியில். *ஸ்டார்ட்டும் *எண்ட்டும் கீயின் வரிசையைப் பார்ப்பதில்லை, ஃபைலின் தலை, வால் என்று நேரே போகும். நான் எப்போதும் அதைத்தான் எழுதுகிறேன்.

மூன்றாவது, கடைசி வாடிக்கையாளர் இரண்டு தடவை வருவது. டூஅன்டில் %ஈஓஎஃப்(வாடி), உள்ளே ரீட், அடுத்த வரி அச்சு, அவ்வளவுதான் அந்த லூப். முடிவைத் தொட்ட ரீட் புலங்களைத் துடைப்பதில்லை, முந்தின ரெக்கோர்டின் பெயரும் தொகையும் அப்படியே இருக்கும். டூஅன்டில் சோதிப்பது எண்ட்டூவில், அதற்கு முன்னால் அச்சு நடந்துவிடுகிறது. ஃபைல் காலியாக இருந்தால் இதே லூப் வெற்று வரி ஒன்றை அடிக்கும். அச்சடிக்காமல் அப்டேட் செய்திருந்தால் ரெக்கோர்ட் கையில் இல்லாமல் அப்டேட் செய்கிறாய் என்று 1221 நிலைக்குறியோடு புரோகிராம் விழும், அது ஒருவகையில் நல்லது, உடனே தெரிந்துவிடும். அச்சும் கூட்டலும்தான் சத்தமில்லாமல் பிழைக்கும். மொத்தத்தில் கடைசி வாடிக்கையாளரின் தொகை இரட்டிப்பாகச் சேர்ந்திருக்கும், அதையும் பாருங்கள்.

சரி, எந்த லூப் வடிவம் நல்லது? புத்தகங்களில் இருப்பது முதலில் ஒரு வாசிப்பு, டூவைல், கடைசியில் மறுபடி ஒரு வாசிப்பு. அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அதற்குள் இட்டர் வந்தால் ஆபத்து. ரத்துச் செய்த தவணைகளைத் தவிர்க்க என்று நடுவில் இஃப் நிலை = 'ர', இட்டர் என்று யாராவது எழுதுவார்கள். இட்டர் நேரே எண்ட்டூவுக்குத் தாவும், கடைசியில் இருக்கிற ரீட்ஈ ஓடாது, கொடி மாறாது, கேர்சர் நகராது, அதே ரத்தான ரெக்கோர்டை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தான தவணை இல்லாத சோதனைத் தரவில் இது பிடிபடாது. இரவு பேட்ச்சில் ஒரு ஜொப் மணிக்கணக்காக சிபியுவைத் தின்றுகொண்டு ஒரு வரியும் அடிக்காமல் நின்றால் முதல் சந்தேகம் இதுதான். அதனால் எனக்குப் பிடித்த வடிவம்:

செட்எல்எல் (கிளைஎண்) தவணை;
டூவைல் *ஆன்;
  ரீட்ஈ (கிளைஎண்) தவணை;
  இஃப் %ஈஓஎஃப்(தவணை);
    லீவ்;
  எண்ட்இஃப்;
  // இனி எங்கே இட்டர் போட்டாலும் பயமில்லை
எண்ட்டூ;

வாசிப்பு ஒரே இடத்தில், சோதனை அதற்கு அடுத்த வரியில், இட்டர் போனால் திரும்ப வாசிப்புக்கே வரும். முடிவில்லா லூப்பை எழுதி நடுவில் உடைப்பது அழகில்லை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும், இரவு இரண்டு மணிக்கு தொலைபேசி வராத வடிவம் இது.

உங்கள் அறிக்கையில் கிளைவாரி மொத்தம் இருப்பதால் இதையும் சொல்கிறேன். ஒரே ஃபைலை நேராக வாசித்து, கிளை எண் மாறும்போது முந்தின கிளையின் மொத்தத்தை அடிக்கிற முறையில் எழுதினால், கடைசிக் கிளைக்குப் பிறகு கிளை எண் மாறவே மாறாது, ஃபைல்தான் முடியும். அந்தக் கடைசி மொத்தத்தை லூப்புக்கு வெளியே தனியாக அடிக்க வேண்டும், அதுவும் ஒரு ரெக்கோர்டாவது வந்திருந்தால் மட்டும். பழைய சுழற்சியில் இதை மொழியே பார்த்துக்கொண்டது, எல்ஆர் ஏறும்போது எல்லா நிலை மொத்தங்களும் தாமாக அடிக்கும். சுழற்சியைக் கழற்றி எழுதிய புரோகிராம்களில் விடுபடுகிற முதல் பொருள் இதுதான்.

கேர்சரைப் பின்பக்கமாகப் பயன்படுத்துவதைப் புதியவர்கள் குறைவாகத்தான் செய்கிறார்கள், அது பெரிய இழப்பு. ஒரு ஒப்பந்தத்தின் கடைசிக் கட்டணம் வேண்டும் என்றால் முதலிலிருந்து எல்லாவற்றையும் ரீட்ஈயில் ஓடவிட்டுக் கடைசியைப் பிடிக்க வேண்டாம். ஒப்பந்த எண், திகதி என்று கீ இருந்தால் செட்ஜிடி (ஒப்பந்தம்), உடனே ரீட்ஈயின் பின்னோக்கிய வடிவமான ரீட்பிஈ (ஒப்பந்தம்), முடிந்தது, ஒரே வாசிப்பு. தவணையே இல்லாத ஒப்பந்தமாக இருந்தால் ரீட்பிஈ %ஈஓஎஃப்பை ஏற்றும், அதாவது முடிவு மட்டுமல்ல தொடக்கத்தைத் தாண்டினாலும் அதே கொடிதான். கிளை எண்கள் என்னென்ன இருக்கின்றன என்று மட்டும் வேண்டுமானால் ரீட், அப்புறம் அந்தக் கிளை எண்ணை மட்டும் பகுதிக் கீயாகக் கொடுத்து செட்ஜிடி, மறுபடி ரீட். லட்சம் தவணை இருந்தாலும் கிளைக்கு ஒரு வாசிப்புதான். திரையில் பட்டியல் காட்டுகிற சப்ஃபைலில் பக்கம் பக்கமாக ஏற்றும்போதும் கடைசியாகக் காட்டிய ரெக்கோர்டின் முழுக் கீயை வைத்துக்கொண்டு செட்ஜிடி போட்டுத் தொடரலாம், ஆனால் அந்தக் கீ தனித்துவமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே கீயுடைய மிச்ச ரெக்கோர்டுகள் பக்கத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் விழுந்துபோகும்.

ஓடிக்கொண்டிருக்கிற கீயையே மாற்றாதீர்கள். இது லீசிங்கில் உண்மையாகவே வரும். அடுத்த தவணைத் திகதிதான் ஃபைலின் கீ என்று வையுங்கள். வரிசையாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் திகதியை ஒரு மாதம் தள்ளி அப்டேட் செய்கிறீர்கள். அப்டேட் ஆன ரெக்கோர்ட் அந்த வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், கேர்சர் ஊர்ந்துபோய் அதை மறுபடி சந்திக்கும், இன்னொரு மாதம் தள்ளும், மறுபடி சந்திக்கும். ஃபைலின் முடிவு வரவே வராது. இப்படிப்பட்ட வேலைக்கு அந்தத் திகதி கீயில் இல்லாத வேறொரு லொஜிக்கல் ஃபைல் வழியாக வாசியுங்கள், அல்லது தரவை உண்மையில் வைத்திருக்கிற ஃபிசிக்கல் ஃபைலை வந்த வரிசையிலேயே வாசியுங்கள்.

லொக் பற்றி ஒரு பத்தி, ஏனென்றால் ரீட்ஈயோடு அது வந்து ஒட்டிக்கொள்ளும். அப்டேட்டுக்குத் திறந்த ஃபைலில் வாசித்தாலே ரெக்கோர்ட் லொக் ஆகும். வாசிக்க மட்டும்தான் போகிறோம் என்றால் ரீட்ஈயோடு என் என்கிற நீட்டிப்பைப் போடுங்கள். போடாவிட்டால் விசித்திரமான ஒன்று நடக்கும்: 20ஆம் கிளையை மட்டும் வாசிக்கிற உங்கள் புரோகிராம் சில வேளை 30ஆம் கிளையின் முதல் ரெக்கோர்டுக்காகக் காத்து நிற்கும். குழு முடிந்ததா என்று பார்க்க ரீட்ஈ அடுத்த ரெக்கோர்டைத் தற்காலிகமாக லொக் செய்து பார்க்க வேண்டி வரலாம், அதை வேறொருவர் திரையில் திறந்து வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போயிருந்தால் நீங்கள் நிற்க வேண்டியதுதான். ஃபிசிக்கல் ஃபைலை உருவாக்கும்போது வேறு சொல்லாவிட்டால் காத்திருக்கிற நேரம் 60 விநாடி, அதன் பிறகு 1218 நிலைக்குறி. கொட்டாஞ்சேனை அறிக்கைக்கு வெள்ளவத்தை ரெக்கோர்ட் ஏன் லொக் ஆகிறது என்று மூளையைக் கசக்குகிறவர்களுக்கு இதுதான் பதில்.

கேர்சர் உங்கள் கைக்கு வெளியிலும் நகரலாம். அதே ஃபைலில் செயின் போடுகிற ஒரு துணைச்செயலை லூப்புக்கு உள்ளிருந்து கூப்பிட்டால், கேர்சர் ஒன்றுதான் என்பதால் திரும்பி வரும்போது நீங்கள் விட்ட இடத்தில் இல்லை. அடுத்த ரீட்ஈ வேறெங்கிருந்தோ தொடங்கும், பெரும்பாலும் பாதியில் முடிந்துவிடும். ஓவர்ரைடில் (ஃபைலைத் திறக்கிற விதத்தை வெளியிலிருந்து மாற்றுகிற கட்டளை) ஷேர் *யெஸ் போட்டிருந்தால் தனியான இன்னொரு புரோகிராமே உங்கள் கேர்சரை நகர்த்திவிடும், ஏனென்றால் ஒரே ஜொப்பில் இரண்டும் ஒரே திறப்பைப் பகிர்கின்றன. உங்கள் மூலத்தை நூறு தடவை வாசித்தாலும் பிழை தெரியாது. இயங்குதளத்தின் 2008இல் வந்த வெளியீடான 6.1 முதல் துணைச்செயலுக்கு உள்ளேயே ஃபைலை அறிவிக்கலாம், அதற்குத் தனிக் கேர்சர் இருக்கும், செயல் முடிந்ததும் தானாக மூடும்; வாசிப்பு மட்டும் டேட்டா ஸ்ட்ரக்சர் வழியாகத்தான் நடக்க வேண்டும். அடிக்கடி கூப்பிடுகிற செயல் என்றால் ஸ்டாட்டிக் என்று போட்டுத் திறந்தே வைக்கலாம், அப்போது நான் மேலே சொன்ன எல்ஆர் பாடம் அங்கேயும் பொருந்தும்.

ஐபிஎம் ஐயின் கட்டளைமொழியான சிஎல்லில் எழுதும்போது, ஃபைலை வாசிக்கிற ஆர்சிவிஎஃப் முடிவைத் தொட்டால் சிபிஎஃப்0864 செய்தி வரும், அதை மோன்எம்எஸ்ஜி போட்டுப் பிடிக்க வேண்டும். ஆர்பிஜிக்குள்ளேயே எழுதுகிற எம்பெட்டட் எஸ்க்யூஎல்லில் ஃபெட்ச் தீர்ந்தால் எஸ்க்யூஎல்கோட் 100. அங்கேயும் புலங்கள் பழைய மதிப்போடுதான் நிற்கும், அதனால் உடனே பாருங்கள் என்கிற விதி மாறவில்லை. இன்னொரு சுவாரசியமான வசதி, ஓவர்ரைட் கட்டளையான ஓவிஆர்டிபிஎஃப்பில் இருக்கிற ஈஓஎஃப்டிஎல்வை: அத்தனை விநாடி என்று கொடுத்தால் ஃபைல் முடிவுக்கு வந்ததும் புரோகிராமுக்கு முடிவு என்று சொல்லாமல் காத்திருந்து, புது ரெக்கோர்ட் வந்ததா என்று பார்த்துத் தொடரும். வந்துகொண்டேயிருக்கிற கட்டணங்களைப் பின்னால் எடுத்துச் செயலாக்குகிற ஜொப்புகளுக்கு நல்லது, ஆனால் நிறுத்துவதற்கு என்று அடையாளம் வைத்த ஒரு ரெக்கோர்டை எழுதி, அதைக் கண்டால் வெளியேறுகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் புரோகிராமில் இப்போது செய்ய வேண்டியது: தொடக்கத்தில் செட்எல்எல் *ஸ்டார்ட் கிளை, இரண்டு லூப்பையும் வாசி, உடனே பெயரோடு சோதி, லீவ் என்கிற வடிவத்துக்கு மாற்றுங்கள், கிளை மொத்தத்தை உள் லூப் தொடங்குமுன் பூச்சியமாக்குங்கள், எல்ஆர் இல்லாததால் பழைய மொத்தமும் நினைவில் இருக்கும். பிறகு நாலு விதமாக ஓட்டிப் பாருங்கள்: தவணை ஃபைல் முழுக்கக் காலி, ஒரே ஒரு ரெக்கோர்ட், நடுவில் தவணையே இல்லாத ஒரு கிளை, கீ வரிசையில் கடைசியாக வருகிற கிளைக்குத் தவணை இல்லை. கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள், செட்எல்எல் வெற்றி பெறாமல் கொடி பழையபடி கிடக்கிற நிலை அதில் வரும். ஒவ்வொன்றையும் அதே செஷனில் இரண்டு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். வாடிக்கையாளர் புரோகிராமுக்கு ரீட்டின் அடுத்த வரியில் சோதனையைச் சேர்த்தால் போதும், ஆனால் அதன் பழைய மாதாந்த மொத்தங்களைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.